ஓட்டாத ஸ்கூட்டரின் கடன்

எங்கள் தெருவில் மோட்டார் அக்கா யார் என்று கேட்டால் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கூட கை நீட்டிக் காட்டுவார். வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவர். அவர் கடைக்கு நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. டைப் அடிப்பது, பிரிண்ட் எடுப்பது, விண்ணப்பம் நிரப்பித் தருவது எல்லாம் என் பிழைப்பு. அவர் எழுதிய கடிதம் ஒவ்வொன்றும் என் விரல் வழியாகத்தான் போனது. அதனால் இதை நான் சொல்வதில் தப்பில்லை.

அக்கா இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு கூத்து. ஒரு கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் போன் எடுக்கும் வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தார். நாலு வருடம் காதில் ரிசீவரோடு மற்றவர்கள் வீட்டு மெஷின் போடும் சத்தத்தைக் கேட்டார். "போனைக் கொஞ்சம் மெஷின்கிட்ட வையுங்க" என்பாராம். கேட்டுவிட்டு பெல்ட், பேரிங், பம்ப் என்று சீட்டில் எழுதி அனுப்புவார். போகிற மெக்கானிக் சீட்டில் இருப்பதையே மாற்றிவிட்டு வந்து நல்ல பெயர் வாங்குவார். ஐந்தாம் வருடம் தன்னையும் வெளிவேலைக்கு அனுப்பச் சொன்னார் அக்கா. மேலதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். அந்த மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர், பழைய இரும்புக் கடையில் ஒரு மெஷினை எடைக்கு வாங்கி வீட்டுக் கூடத்தில் பிரித்துப் போட்டார். மறுபடி மாட்டி அது சுற்றியபோது ஆறு வாரம் ஆகியிருந்தது.

அவர் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். அதிர்ந்து பேசாத மனிதர். ஹாரனைக்கூட யோசித்துத்தான் அடிப்பார். அக்கா அதற்கு நேர்மாறு. கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஆனால் கைசுத்தம் அப்படி. பம்பில் சிக்கியிருந்த நாணயம், ஊக்கு, தோட்டின் திருகு எதுவானாலும் சின்னக் கவரில் போட்டு, பில்லோடு பின் அடித்துக் கொடுத்துவிடுவார்.

போன வருடம், அக்கா வாடகைக்கு இருந்த கடையை விற்கப் போவதாகக் கட்டடத்துக்காரர் சொன்னார். பதினோரு வருடம் ஒரு மாதம்கூட வாடகை தவறாதவர் என்பதால் முதல் உரிமை அக்காவுக்கே என்றார். மூன்று மாதம் கெடு. கையிருப்பு பாதி விலைக்கு வந்தது. மீதியைப் புரட்ட ஒரு மாதம் பார்த்துவிட்டு அக்கா வங்கிக்குப் போனார்.

போன வேகத்தில் திரும்பி வந்தார்; கடன் அறிக்கை சரியில்லை என்று மறுத்துவிட்டார்களாம். நேராக என் கடைக்குள் நுழைந்து, தன் கடன் அறிக்கையை எடுத்துத் தரச் சொன்னார். இணையத்தில் பதிந்து எடுத்தேன். ஆறு பக்கம். நாலு பக்கம் வரை எல்லாம் ஒழுங்கு: தையல் மெஷினுக்கு வாங்கிய சின்னக் கடன் முடிந்தது, கணவருக்கு ஆபரேஷன் செய்தபோது வாங்கியது முடிந்தது. ஐந்தாம் பக்கத்தில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் ஸ்கூட்டர் கடன். கடைசி நாலு தவணை கட்டவில்லை. அபராதம், அபராதத்தின் மேல் வட்டி. நிலை என்ற கட்டத்தில் 'வராக்கடன்' என்று இருந்தது. அந்த ஒரு வார்த்தைதான் வங்கிகள் பார்க்கும் அவருடைய கடன் மதிப்பெண்ணைத் தரையில் கிடத்தியிருந்தது.

"எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதுப்பா" என்றார் அக்கா. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நான் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வங்கியில் கடன் பிரிவில் இருந்த பெண் நல்லவர்தான். நிலுவை ஒன்றும் பெரிதில்லை, ஒன்றரை மாத வருமானம்தான் இருக்கும், பேசினால் கம்பெனி பாதியாகக் குறைக்கும், கட்டிவிட்டு வாருங்கள், பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். அக்காவின் கணவரும் அதையேதான் சொன்னார். சனியன் தொலைந்தது என்று கட்டிவிடலாமே என்றார். நானும் அதற்குத்தான் தலையாட்டினேன்.

அக்கா மறுநாளே வங்கிக்குப் போய் ஒரு கேள்வி மட்டும் கேட்டார். கட்டிவிட்டால் அந்த வரி அறிக்கையிலிருந்து போய்விடுமா? அந்தப் பெண் சற்றுத் தயங்கிவிட்டு, போகாது, 'சமரசம் செய்து முடித்தது' என்று சில வருடம் நிற்கும் என்று உண்மையைச் சொன்னார்.

"அப்போ காசையும் கொடுத்து, வாங்கினது நான்தான்னு ஒத்துக்கவும் செய்யணும்" என்றார் அக்கா என்னிடம் வந்து. "ஒரு பைசா கட்ட மாட்டேன். டைப் அடி."

டைப் அடித்தேன். இருபது வருடப் பழக்கத்தில் 'மேன்மைமிகு ஐயா அவர்களுக்கு, தாழ்மையுடன் சமர்ப்பிப்பது யாதெனில்' என்று ஆரம்பித்து, 'கருணை கூர்ந்து' என்று முடித்திருந்தேன். அக்கா பேனாவை எடுத்து அத்தனையையும் அடித்தார்.

"என்னத்துக்குத் தாழ்மை? நான் என்ன உதவியா கேக்கறேன்? தப்பா எழுதியிருக்கீங்க, திருத்துங்க. அவ்வளவுதான் லெட்டர்."

அப்படியே போயிற்று. நான் கண்ட கடிதங்களிலேயே சின்னது அது, நாலு வரி.

முப்பது நாள் கழித்து கடன் அறிக்கை தயாரிக்கும் நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. சம்பந்தப்பட்ட ஃபைனான்ஸ் கம்பெனியிடம் கேட்டோம், விவரங்கள் சரியானவையே என்று அவர்கள் உறுதி செய்துவிட்டார்கள், உங்கள் ஆட்சேபம் முடித்து வைக்கப்படுகிறது என்று இருந்தது. தப்பாக எழுதியவனையே கூப்பிட்டு, தப்பாக எழுதினாயா என்று கேட்டிருக்கிறார்கள் என்று அக்கா சொன்னார். மூன்று மாதத்தில் இரண்டு மாதம் போயிருந்தது.

ஃபைனான்ஸ் கம்பெனியின் கிளை, டைல்ஸ் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. கடன் விண்ணப்பத்தின் நகலைக் கொடுங்கள், யார் கையெழுத்து போட்டது என்று பார்க்கிறேன் என்றார் அக்கா. கோப்பு தலைமை அலுவலகத்தில் இருக்கிறது என்று மேனேஜர் கையை விரித்தார். வரவழையுங்கள் என்றார் அக்கா. வரும்போது சொல்கிறோம் என்றார் மேனேஜர். அக்கா போகவில்லை. கருவிப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மட்டுமில்லை, மூன்று நாள். காலையில் இரண்டு வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்துவிடுவார். அங்கிருந்தபடியே தொழிலையும் நடத்தினார். "துணி காயலையா? தண்ணி வெளியே போகுதான்னு முதல்ல பாருங்க" என்று போனில் அவர் பேசுவது கிளை முழுக்கக் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்டால் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். ஸ்கூட்டர் கடனுக்கு வந்த ஒரு தம்பதி அதைக் கேட்டுவிட்டு, அப்புறம் வருகிறோம் என்று எழுந்து போனார்கள். மூன்றாம் நாள் மாலை, தலைமை அலுவலகத்தில் இருந்ததாகச் சொன்ன கோப்பு மேனேஜரின் பின்னால் இருந்த அலமாரியிலிருந்தே வெளியே வந்தது.

நகலை என் மேஜையில் விரித்துப் பார்த்தோம். அக்காவின் பெயர். அதே முதலெழுத்து. பிறந்த நாள், மாதம், வருடம் எல்லாம் அதே. ஆனால் புகைப்படத்தில் வேறொரு பெண்; ஒல்லியான முகம், புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு. கையெழுத்தும் வேறு. அடையாள எண் எழுத வேண்டிய கட்டத்தை கம்பெனி ஆள் நிரப்பவே இல்லை, காலியாக விட்டிருந்தான். எண் இல்லாததால் பெயரையும் பிறந்த தேதியையும் வைத்து கம்ப்யூட்டர் அந்தக் கடனை அக்காவின் தலையில் கட்டிவிட்டது. கீழே அந்தப் பெண்ணின் முகவரி தெளிவாக இருந்தது.

"அவளை நேர்ல பார்த்து நாலு வார்த்தை கேக்கணும்" என்றார் அக்கா. அந்த நாலு வார்த்தை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். டோனர் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு நானும் கூடப் போனேன்.

இரண்டு பஸ் மாறி ஊரின் மறு கோடிக்குப் போனோம். நாலு மாடிக் கட்டடத்தில், படிக்கட்டுக்கு அடியில் ஒரு அறை. வாசலில் ஸ்கூட்டர் நின்றது. அந்தப் பெண் வீடு வீடாகப் பேப்பர் போடுகிறவர். விடிகாலைச் சுற்றை முடித்துவிட்டு வந்து, மீந்த பேப்பர்களைக் கட்டிக்கொண்டிருந்தார். விரல்கள் மையில் கறுத்திருந்தன.

"என் பேரும் உங்க பேரும் ஒண்ணு" என்று ஆரம்பித்தார் அக்கா. "உங்க கடனை ரெண்டு வருஷமா நான் சுமந்துட்டு இருக்கேன். தெரியுமா?"

அந்தப் பெண் கயிற்றைக் கீழே வைத்தார். "என்ன கடன்? நான் எல்லாத்தையும் கட்டி முடிச்சுட்டேனே."

கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பாலித்தீன் கவரை எடுத்து வந்தார். அக்கா தரையில் உட்கார்ந்து ரசீதுகளைத் தேதிவாரியாகப் பரப்பினார். இருபத்து நாலு தவணைக்கு இருபத்து நாலு ரசீது. முதல் இருபது கம்ப்யூட்டரில் அடித்தவை. கடைசி நாலும் வீட்டுக்கு வந்து வசூல் செய்த ஆள் கம்பெனியின் ரசீதுப் புத்தகத்தில் கையால் எழுதிக் கொடுத்தவை. அந்த ஆள் அந்த நாலையும் சுருட்டிக்கொண்டு வேலையை விட்டுப் போயிருக்கிறான். அதற்கப்புறம் இரண்டு தடியர்கள் வந்து படிக்கட்டில் நின்று அக்கம்பக்கம் கேட்க ஏசிவிட்டுப் போனார்களாம். ரசீதைக் காட்டியதும் சரி பார்க்கிறோம் என்று போனவர்கள் திரும்பவில்லை. கடன் முடிந்தால் தர வேண்டிய வண்டிப் பதிவுப் புத்தகத்தை மட்டும் இன்றுவரை கம்பெனி தரவில்லை. அதற்காக நடையாய் நடந்து அலுத்துப்போயிருந்தார். சண்டைக்குப் போன அக்கா ரசீதுகளை மறுபடி ஒரு தடவை எண்ணினார்.

"ஒண்ணுகூட விடாம வச்சிருக்கீங்க" என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டை நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து அந்தப் பெண்ணை அவர் 'பேர்க்காரி' என்றுதான் கூப்பிட்டார்.

அடுத்த நாள் மேனேஜரின் முன்னால் அக்கா எல்லாவற்றையும் வைத்தார். மேனேஜர் புகைப்படத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். மென்று விழுங்கினார். அப்புறம் உள்ளே போய் ஒரு தாளை அடித்து எடுத்து வந்தார். இந்தக் கடன் என்னுடையதில்லை, இந்தக் கடனும் அதன் நிலுவையும் மேற்படி முகவரியில் வசிக்கும் பெண்ணுடையவை என்று நான் அறிவேன் என்று அதில் இருந்தது.

"இதுல ஒரு கையெழுத்து போடுங்கம்மா. ஏழே நாள்ல உங்க பேர் சுத்தமாயிடும்."

அக்கா இரண்டு தடவை படித்தார். "என்னோடது இல்லன்னு எத்தனை பேப்பர்ல வேணாலும் எழுதித் தர்றேன். அவ பாக்கி வச்சிருக்கான்னு எழுத மாட்டேன். கட்டின ரசீதை நான் கண்ணால பார்த்தேன்."

"அது அவங்க பாடு. நடுவுல உங்களுக்கு எதுக்கு வம்பு?"

"தெரியாம என் பேர்ல ஏத்தினீங்க சார். இப்போ தெரிஞ்சே அவ பேர்ல ஏத்தறதுக்கு என்கிட்ட கையெழுத்து கேக்கறீங்களா?"

தாளை மடித்துக்கூட வைக்கவில்லை. மேஜையில் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

கடைக்கான கெடு முடிய அப்போது இருபத்து மூன்று நாள் இருந்தது. ஏழு நாளில் பெயர் சரியானால் வங்கிக் கடன் கிடைத்துவிடும், கணக்கு சரியாகப் பொருந்தும். கணவர் அன்றைக்கு என் கடைக்கே வந்துவிட்டார். ஒரு கையெழுத்துதானே, அந்தம்மாவிடம்தான் ரசீது இருக்கிறதே, அவர் தன் பங்குக்குப் போராடிக்கொள்வாரே, நீயாவது சொல்லேன் என்றார். இருவரும் எதிர்க் கடைக்குப் போனோம்; நானும் சொன்னேன். இப்போது நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அக்கா ஒரு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு, துருப்பிடித்த போல்ட்டைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். அது கழன்றதும் தலையை நிமிர்த்தி, "ரெண்டு பேரும் சொல்லி முடிச்சாச்சா?" என்று கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது.

கெடு முடிந்தது. கட்டடத்துக்காரர் இன்னும் பத்து நாள் பார்த்தார். அதற்குமேல் அவராலும் முடியவில்லை. கடை ஒரு கண்ணாடிக் கடைக்காரருக்குப் போயிற்று. அக்கா மெஷின்களை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். நாலு மெஷின் கூடத்தை அடைத்துக்கொண்டது. மனிதர்கள் பக்கவாட்டில்தான் நடக்க முடிந்தது. வருமானம் பாதியானது. எதிரே மூக்குக் கண்ணாடிகள் வரிசையாக என்னை முறைக்க, எனக்கு ஒரு மாதம் வேலையே ஓடவில்லை.

அக்கா சோர்ந்து உட்காரவில்லை. ஃபைனான்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் மேல் அலுவலகம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, பேர்க்காரியையும் சேர்த்துக்கொண்டு புகார் எழுதினார். ஒரே பெயரில் இரண்டு கையெழுத்து, முப்பத்தொரு இணைப்பு. ஒவ்வொன்றிலும் எண் போட்டு நூல் கோத்துத் தந்தேன். காசு வாங்கவில்லை, அவர் அதற்கும் சண்டை போட்டு, தாளுக்கான காசையாவது வாங்கிக்கொள்ளவைத்தார்.

இரண்டு மாதம் கழித்து விசாரணை. அதற்கு முந்தின நாள் அக்காவின் கணவர் பள்ளியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். விசாரணை நாளில் நண்பர் ஒருவரின் காரைக் கேட்டு வாங்கி, அக்காவையும் பேர்க்காரியையும் என்னையும் ஏற்றிக்கொண்டு அவரே ஓட்டிப் போனார். 

நீள மேஜை போட்ட சின்ன அறை. விசாரித்த அதிகாரி வயதான அம்மாள். அவர் பெயரைக் கூப்பிட்டதும் இரண்டு பெண்களும் ஒரே குரலில் "இருக்கேன்" என்றார்கள். அந்த அம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கம்பெனி வக்கீல் கம்ப்யூட்டர், மென்பொருள், தானியங்கி முறை என்று சுற்றி வளைத்தார். கையால் எழுதிய ரசீதுகளுக்குக் கம்பெனி பொறுப்பாகாது, அந்த ஆள் இப்போது எங்களிடம் வேலையில் இல்லை என்றார். அதிகாரி நாலு ரசீதையும் கையில் எடுத்தார்.

"இந்தப் புத்தகத்தை அச்சடிச்சது யாரு?"

"கம்பெனிதான் மேடம்."

"அந்த ஆளுக்குக் கொடுத்ததும் கம்பெனிதானே? அப்போ அவன் கையில கொடுத்த பணம் உங்க கையில கொடுத்த பணம்தான். அவன்கிட்ட நீங்க போய்க் கேளுங்க."

இருபத்தொரு நாளுக்குள் அக்காவின் அறிக்கையிலிருந்து அந்தக் கடனை அடியோடு நீக்க வேண்டும். பேர்க்காரியின் பெயரில் அது முழுதும் கட்டி முடிந்தது என்று ஏற்ற வேண்டும். வண்டிப் புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டும். இருவருக்கும் ஒரு சிறு தொகை நஷ்டஈடு. அக்காவுக்கு எழுத்தில் மன்னிப்பு. இதுதான் உத்தரவு. பேர்க்காரி வெளியே வந்து காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் கையில் கொடுத்தார்.

பேர்க்காரிக்கு வண்டிப் புத்தகம் பத்தாம் நாள் வந்தது. கூடவே கம்பெனியின் கடிதமும் அக்காவுக்கு வந்தது. 'தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்' என்று ஒரே வரி. அக்கா அதைத் திருப்பி அனுப்பச் சொன்னார்.

"அசௌகரியம்னா செருப்பு கடிக்கிறது. என் கடை போச்சு. இது தப்பு. தப்புன்னு எழுதச் சொல்லு."

மூன்று தடவை வந்தது கடிதம். இரண்டாவதில் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று இருந்தது, அதையும் திருப்பினார். மூன்றாவதில் 'இது எங்கள் நிறுவனத்தின் தவறு, மன்னிக்கவும்' என்று எழுதி, மேனேஜரே கையெழுத்திட்டிருந்தார். அதை ஒரு நகல் எடுத்துக்கொண்டு கோப்பில் போட்டார். சட்டம் போட்டு மாட்டலாமே என்றேன். அவர்கள் எழுத்தை எதற்குச் சுவரில் மாட்ட வேண்டும் என்று கேட்டார்.

பழைய கடை கைவிட்டுப்போனதில் வருத்தமில்லையா என்று ஒருநாள் கேட்டேன்.

"இருக்கு. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றார். "கண்ணாடிக் கடை பக்கமே நான் திரும்பறதில்ல. ஆனா அந்தக் கையெழுத்தப் போட்டிருந்தா உன் கடைப் பக்கமும் திரும்ப முடிஞ்சிருக்காது. அந்த ரசீதையெல்லாம் நீயும்தானே பார்த்துட்டு இருந்தே."

புது இடத்தைக் கண்டுபிடித்தது பேர்க்காரி. தெருத் தெருவாகப் பேப்பர் போடுகிறவருக்கு எந்தக் கதவு எத்தனை மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது என்று தெரியாமலா இருக்கும்? பஸ் பணிமனைக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கு. கூரை தகரம், தரை நல்ல சிமென்ட், தண்ணீர்க் குழாய் இரண்டு. பழைய கடையைவிட விலை குறைவு, ஒன்றரை மடங்கு பெரிது. ஆனால் மெயின் ரோட்டில் இல்லை. தேடிக்கொண்டுதான் வர வேண்டும்.

அறிக்கையிலிருந்து அந்தக் கடன் நீங்கியதும், வங்கியின் கடன் பிரிவுப் பெண்ணே போன் செய்து கூப்பிட்டார். கையெழுத்து போடும் நாளில் நான் சாட்சியாகப் போயிருந்தேன். முப்பத்து நாலு பக்கம். இங்கே, இங்கே, அப்புறம் இங்கே என்று பென்சிலால் குறி போட்டு வைத்திருந்தார் அந்தப் பெண். அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். ஒன்பதாம் பக்கம் வரும்போது தேநீர் வந்தது, ஆறிப்போனது. இருபதாம் பக்கத்தில் வங்கியின் மதிய இடைவேளை வந்தது. நாளைக்கு வருகிறீர்களா என்று அந்தப் பெண் கேட்டதற்கு, நீங்கள் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், நான் படித்துக்கொண்டிருக்கிறேன் என்றார் அக்கா. தன் பெயர் வந்த இடத்திலெல்லாம் எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துப் பார்த்தார். புரியாத ஏழு இடங்களில் நிறுத்தி விளக்கம் கேட்டார். ஒரு நிபந்தனை தனக்குப் பொருந்தாது என்று அடிக்கச் சொன்னார். மேலாளரிடம் கேட்டுவிட்டு வந்து அடித்தார்கள்.

முப்பத்து நாலாம் பக்கத்தை மூடும்போது மணி மூன்று. ஒரு தப்பும் இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றுகூட எனக்குத் தோன்றியது. பேனாவை வாங்கி, எல்லாப் பக்கத்திலும் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்து போட்டார். சாவி மறுநாள் கைக்கு வந்தது. அதற்கு மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிடங்கின் ஷட்டர் திறந்தது; எட்டரைக்கு முதல் மெஷின் வந்து இறங்கியது.